லேபிள் இல்லாத பேட்டரி

எனக்கு யாரையும் நம்பிப் பழக்கம் இல்லை. இது பிறவிக் குணமா, பார்க்கிற வேலை கொடுத்த வியாதியா என்று என் கணவர் பல வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார். விமான நிலையத்தில் பயணிகள் பெட்டியை ஒப்படைத்துவிட்டுக் கைவீசி நடந்துபோகும் கவுண்டருக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறது. அங்கேதான் என் உத்தியோகம். பெட்டிகள் பெல்ட்டில் வந்து எக்ஸ்ரே மெஷினுக்குள் போகும். உள்ளே ஏதாவது இசகுபிசகாகத் தெரிந்தால் அந்தப் பெட்டி மட்டும் தடம் மாறி என் மேசைக்கு வந்து நிற்கும். ஒலிபெருக்கியில் சொந்தக்காரரைக் கூப்பிடுவோம். அவர் வந்து, என் கண் முன்னால், தன் கையாலேயே திறக்க வேண்டும்.

பத்துக்கு எட்டு பேட்டரி விவகாரம்தான். லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால் சரக்கு அறையில் அணைக்க ஆள் கிடையாது. அதனால் பவர் பேங்க், தனி பேட்டரி எல்லாம் கைப்பையில்தான் போக வேண்டும். இதை டிக்கெட்டில் எழுதி, சுவரில் ஒட்டி, கவுண்டரில் வாயாலும் கேட்கிறார்கள். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். கீழே வந்தால் காலுறைக்குள் பவர் பேங்க், ஷூவுக்குள் மின்சிகரெட். "இது என்னோடது இல்ல மேடம், மச்சான் வச்சிருப்பான்" என்பார்கள். உலகத்தில் உள்ள மச்சான்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லை போலிருக்கிறது. ஒருமுறை பெட்டிக்குள்ளிருந்து ஷேவர் தானாக ஓடி உர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டே ஒரு பெரிய மனிதர், தான் ஷேவரே உபயோகிப்பதில்லை என்றார்.

அதனால் நான் கேட்கும் கேள்விகள் மூன்றுதான். பெட்டியை யார் கட்டியது? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியுமா? என்னிடம் சொல்லாதது ஏதாவது இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்குத்தான் முகம் மாறும். நான் பதிலைக் கேட்பதில்லை, முகத்தைத்தான் பார்ப்பேன்.

காலை ஷிப்ட் முடிந்து மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் இந்தக் கதைகளை அம்மாவிடம் சொல்வேன். அப்பா போனதிலிருந்து அம்மா எங்களோடுதான். நுரையீரல் பாதி வேலைநிறுத்தம் செய்துவிட்டதால் மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினுமாக இருப்பாள். தோளில் மாட்டிக்கொள்கிற அளவு சின்ன மெஷின்தான். வீட்டில் கரண்டில் ஓடும், வெளியே போனால் பேட்டரியில். அம்மா மூச்சை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் 'புஸ்' என்று சத்தம் போடும். என் கதைகளை அவள் மாதிரி ரசித்துக் கேட்க ஆள் கிடையாது. நடுநடுவே சந்தேகமும் கேட்பாள்.

"பேட்டரில நம்பர் போட்ட லேபிள் இல்லைன்னா என்னடி பண்ணுவீங்க?"

"எவ்வளவு சக்தி, எத்தனை வாட்-அவர்னு தெரியாம எப்படிம்மா ஏத்துறது? தலைகீழா நின்னாலும் விடமாட்டோம்."

"நல்ல பேட்டரியா இருந்தாலுமா?"

"லேபிள் இல்லைன்னா அது நல்ல பேட்டரின்னு எப்படித் தெரியும்?"

"அதுவும் சரிதான்" என்று அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் போட்டாள். நான் பெருமையாகச் சாப்பிட்டேன்.

அம்மா என் தம்பியிடம் போவதாக முடிவாகியிருந்தது. தம்பி ஏழு மணி நேரம் பறந்து போகிற தூரத்தில் இருக்கிறான். என் கணவர் அலமாரி செய்கிறவர். வீட்டின் பின்பக்கம் ஷெட்டு போட்டுப் பலகை அறுப்பார். எவ்வளவு துடைத்தாலும் மரத்தூள் தண்ணீர்ச் சொம்பு வரைக்கும் வந்துவிடும். நுரையீரல் கெட்டவள் இருக்கிற இடமா இது என்று டாக்டரே கேட்டார். தம்பி வீட்டில் தூசி கிடையாது. இது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விடியும் முன் எழுந்து வேலைக்குப் போகிற நான் மதியம் தூங்கியாக வேண்டும். தெருச் சத்தம் கேட்காத ஒரே அறை அம்மாவினுடையது. அங்கே அந்த 'புஸ்'. கூடத்தில் படுத்தால் தெரு, அறையில் படுத்தால் மெஷின். இரண்டு வருடமாக நான் சரியாகத் தூங்கவில்லை. போன மாதம், அம்மா குளிக்கப் போயிருந்தபோது, அந்த அறையில் எனக்கு ஓர் அலமாரி எந்த அளவில் வரும் என்று பார்க்கச் சொன்னேன். என் கணவர் டேப்பைப் பிடித்து அளந்தார், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு.

அம்மாவிடம் மூன்று மாதம் என்று சொல்லியிருந்தோம். திரும்பி வர டிக்கெட் போடவில்லை. இதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. அங்கே போய்ப் பழகிவிட்டால் அவளே இருந்துவிடுவாள், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று தம்பி சொன்னான். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

பயணம் ஞாயிற்றுக்கிழமை. ஒரு பேட்டரி நாலு மணி நேரம் வரும். பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குக் கையில் பேட்டரி வேண்டும் என்பது விமானக் கம்பெனியின் நிபந்தனை. எனவே புதிதாக மூன்று வாங்கினோம். கடையைத் தேர்ந்தெடுத்தது தம்பி பெண்டாட்டி, இன்டர்நெட்டில் பார்த்து. அங்கேயே எனக்கு மூக்கு வேர்த்தது. ஆனால் திங்கட்கிழமை நானே பிரித்துப் பார்த்தேன். மூன்றிலும் வெள்ளி நிற லேபிள், தொண்ணூற்றெட்டு வாட்-அவர். நூறுக்குள் என்றால் தொல்லை இல்லை. ஒவ்வொன்றிலும் நாலு பச்சை விளக்கும் எரிகிற வரைக்கும் சார்ஜ் ஏற்றி, முனைகளில் டேப் ஒட்டி, அம்மாவின் கைப்பையில் வைத்து, அவள் கட்டிலுக்குக் கீழே பெரிய பெட்டியோடு தள்ளினேன். பெரிய பெட்டியையும் நானேதான் கட்டியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது விமானக் கம்பெனியின் மருத்துவப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மெஷினையும் மூன்று பேட்டரிகளையும் ஒன்றாக வைத்து, லேபிள் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். புதன் மாலை நாலு மணிக்குள். தவறினால் ஞாயிறு விமானத்தில் இடம் கிடையாது. அம்மா வந்து பழகும் வரை கூட இருக்க, தம்பி லீவு போட்டு வைத்திருந்தான். அடுத்த லீவுக்கு ஆறு மாதமாகும்.

வீட்டுக்கு வந்து கைப்பையைத் திறந்தேன். ஒரு பேட்டரியில் லேபிள் இல்லை.

கிழிந்த தடம் இல்லை, கீறல் இல்லை. லேபிள் இருந்த இடத்தில் லேசான பசை மட்டும். பட்டனை அமுக்கிப் பார்த்தேன். நாலு விளக்கில் மூன்றுதான் எரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. கடைக்காரன் பழைய பேட்டரிக்குப் புது லேபிள் ஒட்டி விற்றிருக்கிறான். ஒட்டியது ஒரே நாளில் கழன்றுவிட்டது. சார்ஜும் நிற்கவில்லை.

சாப்பிடாமல்கூடக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது புதுசுதான். நான் காதுல பூ சுத்தற ஆள் இல்ல."

"அப்போ லேபிள் எங்க? ரெக்கை முளைச்சுப் பறந்துடுச்சா?"

"லேபிள்தானே வேணும், ரெண்டு நிமிஷத்துல அடிச்சு ஒட்டித் தர்றேன்."

எந்த ஆளிடம் எதைச் சொல்கிறார் பாருங்கள். கடையில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி அவரைப் பிடிபிடி என்று பிடித்தேன். எண்ணை மாற்றி அடித்து ஒட்டிய எத்தனை பேட்டரியை என் மேசையில் பார்த்திருக்கிறேன் என்று பட்டியல் போட்டேன். மனிதர் பேயறைந்த மாதிரி நின்றார். கடைசியில் ஸ்டாக்கில் இருந்த ஒன்றை எடுத்து நீட்டி, கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்து படம் எடுக்கலாம் என்று பையைத் திறந்தால், உள்ளே இருந்த இரண்டில் இன்னொன்றிலும் லேபிளைக் காணோம்.

நான் வெளியே போயிருந்தது இரண்டு மணி நேரம். வீட்டில் இருந்தது இரண்டே பேர். அம்மா மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். பின்பக்கம் என் கணவர் பலகை விளிம்பில் ஒட்டிய பட்டையைச் சுடுகாற்று அடித்து உரித்துக்கொண்டிருந்தார். சூடு பட்டதும் பசை இளகி, பட்டை கிழியாமல் அழகாகக் கழன்று வந்தது. நான் வாசற்படியிலேயே நின்று அதைப் பார்த்தேன்.

காரணமும் உடனே கிடைத்தது. அவர் ஷெட்டில் இருக்கும்போது வாடிக்கையாளர் போனையெல்லாம் அம்மாதான் எடுப்பாள். யாருக்கு எத்தனை அடி அலமாரி, எந்தக் கதவு வீங்கிப்போயிற்று என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். அம்மா போய்விட்டால் அந்த வேலை யார் செய்வது? மாமியார் என்றால் காத தூரம் ஓடுகிற மருமகன்களுக்கு நடுவே இவர் மட்டும் 'அத்தை, அத்தை' என்று குழைவதை நான் எப்போதோ கவனித்திருக்க வேண்டும்.

அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் 'மச்சான் வச்சிருப்பான்' என்பது போல ஏதாவது வரும். கையும் களவுமாகப் பிடிப்பதுதான் என் வழக்கம். புதுப் பேட்டரிக்கும் முழுசாகச் சார்ஜ் ஏற்றி, மூன்றையும் பைக்குள் வைத்து, ஜிப்பின் இரண்டு முனைகளையும் சேர்த்துக் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு கறுப்பு நூலால் முடிந்தேன். "என்னடி பண்ற?" என்றாள் அம்மா. "சும்மா, ஜிப் லூசா இருக்கும்மா" என்றேன். சாப்பிடும்போது அவர் தட்டில் அப்பளத்தை வைத்தபடி கையைப் பார்த்தேன். நகத்தில் பசை இருந்தது. அவர் நகத்தில் என்றைக்குத்தான் பசை இல்லை என்பது அப்போது தோன்றவில்லை.

புதன்கிழமை வேலையில் மனம் ஓடவில்லை. வருகிற பெட்டியெல்லாம் கட்டிலுக்குக் கீழே இருக்கிற பெட்டியாகவே தெரிந்தது. ஷிப்ட் முடிந்ததும் கடைக்கு போன் போட்டேன். ஸ்டாக் இல்லை என்றார் கடைக்காரர். என் குரலைக் கேட்டதும் இல்லாமல் போயிருக்கும்.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். நூல் அறுந்து கிடந்தது. பைக்குள் மூன்று பேட்டரி. மூன்றிலும் லேபிள் இல்லை.

அப்படியே மூன்றையும் அள்ளிக்கொண்டு ஷெட்டுக்குப் போய், அவர் அறுத்துக்கொண்டிருந்த பலகையின் மேலேயே வைத்தேன்.

"எங்க வச்சிருக்கீங்க?"

"எதை?"

"லேபிளை. ஒரு மணி நேரம் இருக்கு. கொடுத்துடுங்க, நான் எதுவும் கேக்கல. உங்க போனை எடுக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்கிறதுக்காக எங்கம்மா தூசியில கெடந்து சாகணுமா?"

அவர் அறுக்கிற மெஷினை நிறுத்தினார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"என்னையும் உன் மேசைக்கு வந்த பெட்டின்னு நெனச்சுட்ட, இல்ல?"

"பேச்சை மாத்தாதீங்க."

அவர் ஒரு பேட்டரியை எடுத்து பட்டனை அமுக்கினார். மூன்று விளக்கு எரிந்தது. அடுத்தது, மூன்று. அதற்கடுத்தது, மூன்று.

"நீதானே முழுசா சார்ஜ் பண்ணி வச்சேன்னு சொன்ன? இது எதுலயோ மாட்டி ஓடியிருக்கு. என் டிரில்லு அதோ இருக்கு. மாட்டிப் பாரு, பொருந்துதான்னு."

நான் மாட்டிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பேட்டரி பொருந்துகிற இடம் இந்த வீட்டில் ஒன்றுதான். அதில் மூச்சு விடுகிறவளும் ஒருத்திதான். கடைசிப் பேட்டரியைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

அறைக்குள் போனபோது அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஷெட்டில் நான் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். மெஷின் புஸ், புஸ் என்றது.

"அவரைத் திட்டாதே. பாவம்" என்றாள்.

"எப்படிம்மா எடுத்த?"

"புதுப் பாத்திரத்துல ஒட்டியிருக்கற சீட்டை அடுப்புல காட்டி எடுக்கறதில்லையா? அதே வித்தைதான். ஒரு மணி நேரம் மெஷின்ல ஓடினா பேட்டரி நல்லா சூடாயிடுது. ஓரத்துல நகத்தை வச்சா வந்துடுது." அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தலையணைக்குக் கீழிருந்து மூக்குக் கண்ணாடிக்கூட்டை எடுத்துத் திறந்தாள். மூடியின் உட்புறம் வெள்ளி நிற லேபிள்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒன்றுகூடக் கசங்கவில்லை. நான் எண்ணினேன். நாலு. கடைக்காரர் கும்பிட்ட கை ஞாபகம் வந்து எனக்குக் காது சுட்டது.

"போகப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"இரு. மொதல்ல நான் கேக்கறேன்" என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தி, என் முகத்தை நேராகப் பார்த்தாள். "பெட்டியை யாரு கட்டினது?"

"நான்தான்."

"உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும். துணி, மருந்து…"

"உங்கப்பா போட்டோ இருக்கு. சுவத்துல மாட்டியிருந்தது. துண்டுல சுத்தி அடியில வச்சிருக்க. ரெண்டு வருஷத்து ஆஸ்பத்திரி ஃபைல் இருக்கு. என் நல்ல புடவை ஒண்ணு விடாம இருக்கு. மூணு மாசத்துக்குப் போறவளுக்கு யாருடி இதெல்லாம் கட்டுவா?"

அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, கண்ணாடி உடையக்கூடாது என்று இரண்டு சுற்றுத் துண்டு சுற்றியபோது என்னை நானே நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் அடுத்தவர் பெட்டியைப் படித்திருக்கிறேன். நான் கட்டிய பெட்டியை ஒருவர் படிப்பார் என்று தோன்றவில்லை. சந்தேகப்படுகிற இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று என் கணவர் ஆராய்ச்சி செய்ய வேண்டியதே இல்லை. அது கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்கிட்ட சொல்லாதது ஏதாவது இருக்கா?" என்றாள் அம்மா.

என் முகம் மாறியிருக்கும். அவள் பதிலைக் கேட்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தாள்.

"திரும்பி வர்றதுக்கு டிக்கெட் போடலம்மா" என்றேன். "இந்த ரூமை நான் எடுத்துக்கலாம்னு இருந்தேன். எனக்குத் தூக்கமே இல்லம்மா. தூசியும் உண்மைதான். ஆனா தூக்கமும்…" அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில் வந்ததா, களைப்பில் வந்ததா தெரியவில்லை.

"தூக்கம் இல்லைன்னு சொல்லியிருந்தா கூடத்துல போய்ப் படுத்திருப்பேனே" என்றாள். "டேப் போட்டு அளக்கற சத்தம் குளியலறை வரைக்கும் கேட்டுதுடி. டர்ர்ருன்னு. செத்தவளுக்குப் பெட்டி அளக்கற மாதிரி இருந்துது எனக்கு."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று நாற்பது. அம்மாவும் அதைப் பார்த்தாள். கண்ணாடிக்கூட்டை என் மடியில் வைத்தாள்.

"ஒட்டிக்கோ. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. போகச் சொன்னா போறேன். ஆனா நீ சொல்லணும், என் மூஞ்சியைப் பாத்து."

ஒட்டியிருக்கலாம். லேபிள் நிஜமானது, பேட்டரியும் நிஜமானது. விளிம்பில் கொஞ்சம் பசை தடவி, காற்றுக்குமிழ் இல்லாமல் விரலால் நீவிவிட்டால் படத்தில் யாருக்கும் தெரியாது. என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு லேபிளை மெல்ல உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு அம்மா முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் கெஞ்சல் இல்லை. என் மேசைக்கு முன்னால் நிற்கிறவர்களை நான் பார்க்கிற பார்வைதான் இருந்தது.

லேபிளைத் திரும்பக் கண்ணாடிக்கூட்டிலேயே ஒட்டினேன். மெஷினைக் கட்டிலின் மேல் வைத்து, பக்கத்தில் மூன்று பேட்டரிகளையும் அடுக்கி, இருக்கிறபடியே படம் எடுத்தேன். பசைத்தடம்கூடத் தெளிவாக விழுந்தது. மின்னஞ்சலில் சேர்த்து அனுப்பினேன். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதிலை நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

"அனுப்பிட்டேன். நீ போக வேண்டாம்மா."

"நிஜமா அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"எங்க, காட்டு."

போனை நீட்டினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி மூன்று பேட்டரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாருக்குப் போயிருக்கிறது, எத்தனை மணிக்குப் போயிருக்கிறது என்று வாய்விட்டுப் படித்தாள். அப்புறம்தான் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்; என்னைக் கண்டதும் அவர் பேட்டரிகளை உள்ளே எடுத்து வைத்தார். என் கணவர் மரத்தூளை உறிஞ்சுகிற மெஷின் ஒன்றை வாங்கி ஷெட்டில் மாட்டினார். அலமாரி அளவு எழுதிய சீட்டைத் தேடினேன், காணோம், அவரிடம் கேட்கவில்லை. மதியத்தில் நான் அம்மா அறையில்தான் தூங்குகிறேன், காதில் பஞ்சை வைத்துக்கொண்டு. சில நாள் தூக்கம் வருகிறது.

அப்பாவின் படத்தைத் திரும்ப மாட்டலாம் என்று போன வாரம் சுத்தியலோடு போனேன்.

"இப்ப என்ன அவசரம்" என்றாள் அம்மா. "பெட்டியிலேயே இருக்கட்டும். பாக்கலாம்."

பெட்டியை அவள் இன்னும் பிரிக்கவில்லை. கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. நேற்று கீழே குனிந்து துடைக்கும்போது பார்த்தேன். ஜிப்பின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு கறுப்பு நூல் முடிந்திருந்தது.